தர்மப் பயணத்தில் தடை நேர்ந்தால்

நற்பணியொன்றுக்குப் பொருள் திரட்டுவதற்காக நெடுந்தூரம் சைக்கிளில் செல்வது நம் முன்னோர் அறியாத ஒரு முறை. இன்று அது உலகின் பல பாகங்களிலும் வேரூன்றிவிட்டது. செல்பவர் தம் உற்றாரையும் அயலாரையும் உடன் பணிபுரிவோரையும் அணுகி, தாம் இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரை மிதித்துச் செல்லவிருப்பதாகவும், அதனை முன்னிட்டு இன்ன மருத்துவமனைக்கு அல்லது இன்ன அநாதை இல்லத்துக்கு உதவ வேண்டுமென்றும் கேட்கின்றார். சிலர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர், கிலோமீட்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாக்களிக்கின்றனர்.

1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸச்சூஸட்ஸ் மாநிலத்தில், தம் தாயாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவரின் முயற்சியால் 36 பேர் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து கடலோரப் பிராவின்ஸ்டவுன் வரை இவ்வாறு மிதித்துச் சென்றனர். அந்த ஆண்டு சேர்ந்தது 10,200 டாலர். ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தப் பயணம் இதுகாறும் 100 கோடி டாலருக்கு மேல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் ஈட்டித் தந்திருக்கின்றது. நம்மவர்களும் பின்தங்கிவிடவில்லை. 2017ஆம் ஆண்டு பிரிட்டன் நாட்டு முஸ்லிம்கள் எட்டுப் பேர், ஸிரியாவில் போரினால் அல்லலுறும் மக்களின் மருத்துவ உதவிக்கு நிதி திரட்டியவாறு, இலண்டனிலிருந்து மதீனா முனவ்வரா நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டு, அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு முன்னதாக அங்கே போய்ச் சேர்ந்தனர்.

இப்படி ஊரறியப் பயணம் செய்து தர்மம் திரட்டுவது கூடுமா என்று வினவுவோர் உண்டு. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் மேலானது என்ற கருத்துத் திருமறையின் ‘பகறா’ அத்தியாயத்திலேயே வந்துள்ளது. பிறரைத் தூண்டும் நோக்கத்துடன் வெளிப்படையாகச் செய்வதற்குத் தடையில்லை. முகஸ்துதி என்னும் நோய் அதில் நுழையாதவாறு காத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. இதைப் பற்றி இன்று நான் நீட்டி எழுதப் போவதில்லை. நான் சொல்ல விரும்புவது, புறப்பட்டவர்கள் வழியில் இடர்ப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே.

புறப்படும் நாள் இனிய நாள். பள்ளிவாசல் முன்றிலில் துஆ ஓதப்படும், பொன்னாடை போர்த்தப்படும், புகைப்படங்கள் எடுக்கப்படும். தடை முகங்காட்டுவது மூன்றாம் நாளோ பத்தாம் நாளோதான். டயரில் முள் ஏறிப் பங்க்சர் ஆகும். ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுவிட்டு, டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேடி எடுக்காமல் மாட்டிவிட்டால், சற்று நேரத்தில் அதே இடத்தில் மீண்டும் காற்று இறங்கும். சுமை ஏற்றிய பின்சக்கரத்தில் கம்பி ஒன்று அறுந்தால் சக்கரம் கோணலாகி, ரிம் பிரேக் கட்டையில் உரசத் தொடங்கும். அறுந்த கம்பியின் பாரம் அண்டைக் கம்பிகளின் மேல் விழுவதால், சரிசெய்யாமல் ஓட்டினால் அவையும் ஒவ்வொன்றாய் அறுபடும். இவற்றையெல்லாம் விடக் கொடியது எதிர்க்காற்று. மேட்டில் ஏறியவனுக்கு இறக்கம் என்ற கூலி உண்டு. எதிர்க்காற்றில் நாள் முழுதும் மிதித்தவனுக்கு அத்தகைய கூலி எதுவும் கிடைப்பதில்லை.

பிறகு உடம்பின் முறை. சீட்டில் உராய்ந்து தொடை புண்ணாகும், முழங்கால் வீங்கும், ஹாண்டில் பாரை நெடுநேரம் அழுத்திப் பிடித்ததனால் விரல்கள் மரத்துப் போகும். கடும் வெயிலில் வியர்வையோடு உப்பும் வெளியேறுவதை அறியாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைசுற்றலும் வாந்தியும் மயக்கமும் காணும். சிறு பிராயத்தில் வாடகைச் சைக்கிள் எடுத்து அடுத்த ஊர் வரை சென்று, வாடகை நேரம் முடிவதற்குள் திரும்பிவிட வேண்டுமே என்று பதைத்த அநுபவம்தான் எனக்கு உண்டு. ஆகவே நூற்றுக்கணக்கான மைல்களை மிதித்துக் கடப்போரை நான் வியப்புடனேயே நோக்குகின்றேன்.

எனினும், டயரும் முழங்காலும் தரும் துன்பத்தைக் காட்டிலும் பெரிய துன்பம் ஒன்று இருக்கின்றது. அது நாணம். ‘அத்தனை பேரிடமும் பணம் வாங்கிவிட்டேனே, பாதி வழியில் திரும்பினால் ஊரார் என்ன சொல்வார்கள்?’ என்ற எண்ணம் அது. காய்ச்சலோடு மிதிக்கச் செய்வதும், மருத்துவர் விலக்கிய பின்பும் வண்டியில் ஏறச் செய்வதும், இருட்டிய பிறகும் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையில் நிற்காமல் போகச் செய்வதும் இந்த நாணமே. தாம் செய்வது தியாகம் என்று அவர் கருதுகின்றார். மார்க்கம் அவ்வாறு கருதுகின்றதா என்பதை நாம் பார்க்க வேண்டும்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி ‘புகாரி’, ‘முஸ்லிம்’ ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. முதியவர் ஒருவர் தம் இரு புதல்வர்களின் தோள்களில் சாய்ந்து, தள்ளாடியவாறு நடந்து சென்றார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கண்டு விசாரித்தபோது, நடந்தே செல்வதாக அவர் நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று தெரிவிக்கப்பட்டது. இந்த மனிதர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தைக் கூறி, அவரை வாகனத்தில் ஏறிச் செல்லுமாறு நபியவர்கள் பணித்தார்கள். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் சகோதரி கஃபத்துல்லாஹ்வுக்கு நடந்தே செல்வதாக நேர்ந்துகொண்டு, பின்னர் அது பற்றி விளக்கம் கேட்டு வரச் சொன்னபோதும், நடக்கவும் செய்யலாம், வாகனத்தில் ஏறவும் செய்யலாம் என்ற விடையே கிடைத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஊன்றி நோக்குங்கள். அவர்கள் சென்ற இடமோ அல்லாஹ்வின் ஆலயம். செய்த நேர்ச்சையோ வணக்கத்தைச் சார்ந்தது. அங்கேயே இத்தகைய சலுகை அளிக்கப்பட்டதென்றால், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சைக்கிள் மிதிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நம் நாட்டில் வழங்கும் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகள் இரண்டின்படியும், சைக்கிள் மிதிப்பது தன்னளவில் நேர்ச்சையினால் கடமையாகும் காரியமன்று. அது ஆகுமான ஒரு செயல், அவ்வளவே. ஏழைக்குக் கொடுப்பதாக நேர்ந்த பணம் கடமையாகும். அதற்காகத் தேர்ந்துகொண்ட சாலை கடமையாகாது. நம் இளைஞர்கள் பலர் இதனைத் தலைகீழாக விளங்கிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது. தூரத்தைப் புனிதமாகக் கருதி உயிரைப் பணயம் வைக்கின்றனர். பணத்தின் கணக்கையோ, பயணம் முடிந்த களைப்பில் எங்கோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் மறந்துவிடுகின்றனர்.

பாதி வழியில் நின்றுபோன ஒரு பயணத்தின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றேன். அவர் நம் சமுதாயத்தைச் சார்ந்தவரல்லர். சைக்கிளிலும் செல்லவில்லை, ஓடினார். ஆயினும் நிதி திரட்டுவதற்காக நெடும்பயணம் மேற்கொண்டவர்களில் அவரைப் போல் அறியப்பட்டவர் அரிது.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற அந்தக் கனடா நாட்டு இளைஞர் எலும்புப் புற்றுநோயினால் 1977ஆம் ஆண்டு தம் வலக்காலை இழந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட எண்ணி, செயற்கைக் காலுடன் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடப்பதென்று 1980 ஏப்ரல் 12ஆம் தேதி கீழ்க்கரையிலிருந்து புறப்பட்டார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் என்பது அவர் வகுத்த கணக்கு. தொடக்க நாட்களிலேயே பெருங்காற்றும் மழையும் பனியும் எதிர்ப்பட்டன. வேனை ஓட்டிவந்த உயிர் நண்பருக்கும் அவருக்கும் மனத்தாங்கல் முற்றி, ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத நிலை ஏற்பட்டது. டெர்ரியின் தம்பி வந்து சேர்ந்துகொண்ட பிறகே அந்த இறுக்கம் தளர்ந்தது. நெடும்பயணம் போகின்றவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பங்க்சர் ஒட்டக் கருவி கொண்டு செல்வோர், சினம் கொண்ட இருவருக்கு நடுவே பேசத் தெரிந்த ஒருவரையும் அழைத்துச் செல்வது நலம்.

சுமார் 10,000 பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூர் அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. கியூபெக் மாநிலத்திலோ அவரை ஏறிட்டுப் பார்த்தவர் சிலரே. சாலையில் அவரை ஒதுங்கச் செய்து விரைந்த வண்டிகள்தாம் மிகுதி. இவ்வளவையும் தாங்கி 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீட்டரைக் கடந்த பின், செப்டம்பர் 1ஆம் தேதி தண்டர் பே நகருக்கு அருகே இருமலும் நெஞ்சு வலியும் அவரை நிறுத்தின. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அவர் தாமாகவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார். எதிர்க்கரையை அவர் காணவேயில்லை. 1981 ஜூன் 28ஆம் தேதி, தமது 22ஆம் வயதில் காலமானார்.

அவர் நின்ற நாள் வரை சேர்ந்திருந்த தொகை சுமார் 17 லட்சம் டாலர். நின்ற பிறகு சில மாதங்களுக்குள் அது 2 கோடியே 30 லட்சம் டாலரைத் தாண்டியது. 1981 செப்டம்பரில் அவர் பெயரால் மக்கள் ஓடத் தொடங்கிய அறவோட்டம் இன்றளவும் ஆண்டுதோறும் நிகழ்கின்றது. தம் பெயரையும் படத்தையும் வணிகர்கள் தங்கள் சரக்குகளுக்குப் பயன்படுத்த அவர் இசையவில்லை என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. ஓடி முடித்தவர்கள் பலரைக் காட்டிலும் ஓடி முடிக்காத இவரால் விளைந்த பயன் பெரிது.

உதவிப் பணம் மிகுந்ததனால்தான் நின்றது குற்றமாகவில்லை என்று எவரும் கருதிவிடலாகாது. ஒரு காசு கூடுதலாக வராமற் போயிருந்தாலும் நிற்பதே சரி. தபூக் போருக்குப் புறப்படும் வேளையில் ஏழைத் தோழர்கள் சிலர் நபியவர்களிடம் வந்து தங்களுக்கு வாகனம் தருமாறு வேண்டினர். கொடுப்பதற்கு வாகனம் இருக்கவில்லை. கண்ணீர் வடித்தவாறு அவர்கள் திரும்பியதைத் ‘தவ்பா’ அத்தியாயம் குறிப்பிடுகின்றது. அப்பயணத்தின்போது நபியவர்கள் தம் தோழர்களுக்கு ஒரு செய்தியைக் கூறினார்கள்: மதீனாவில் தங்கிவிட்ட சிலர் இருக்கின்றனர், நீங்கள் கடக்கும் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களுடனேயே இருக்கின்றனர், காரணம் ஒன்றுதான் அவர்களைத் தடுத்துவிட்டது என்ற கருத்தில் அது அமைந்தது. வாகனமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டவர்களின் நிலை இதுவென்றால், வாகனம் முறிந்து வழியில் நின்றவர் எதற்காகத் தலைகுனிய வேண்டும்?

இனி இதற்கு மறுபக்கமும் உண்டு. தடை என்ற பெயரைக் கேட்டவுடனே திரும்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஜேன் டாம்லின்ஸன் என்ற பெண்மணி மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் பணிபுரிந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். 2000ஆம் ஆண்டு, அவருடைய புற்றுநோய் இனித் தீராது, வாழ்வு சில மாதங்களே என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அதற்குப் பிறகுதான் அவர் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் முனைந்தார். 2003ஆம் ஆண்டு தம் சகோதரருடன் இருவர் மிதிக்கும் சைக்கிளில் பிரிட்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்றார். 2004ஆம் ஆண்டு ரோமாபுரியிலிருந்து தம் ஊர் வரை மிதித்தார். 2006ஆம் ஆண்டு கோடையில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரிலிருந்து நியூயார்க் வரை 4,200 மைல்களை ஒன்பது வாரங்களில் கடந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். அவரால் அறப்பணிகளுக்குச் சேர்ந்தது 18 லட்சம் பவுனுக்கும் மேல்.

இவர் தொடர்ந்தது சரி, டெர்ரி நின்றதும் சரி என்றால், எது அளவுகோல் என்று கேட்கலாம். வலி அளவுகோலன்று. வலி இருவருக்கும் இருந்தது. தீங்கு வரும் என்று நாணயமான மருத்துவர் சொன்னால் அதற்குச் செவிசாய்ப்பது, தம்மால் உடன் வருவோருக்கும் சாலையில் செல்வோருக்கும் ஆபத்து நேருமா என்று பார்ப்பது, வீட்டில் தம்மை நம்பியிருப்போரின் உரிமையை எண்ணுவது - இவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். பார்ப்பவர் சிரிப்பார்களே என்பது இக்கணக்கில் சேராது. ஸதகா கொடுக்க ஏவப்பட்ட காலத்தில் அபூ அகீல் (ரலி) அவர்கள் அரை ஸாவு அளவு பேரீச்சம்பழம் கொண்டுவந்தபோது முனாபிக்குகள் எள்ளினார்கள். இன்னொருவர் பெருந்தொகை கொண்டுவந்தபோதும் அது பகட்டுக்காக என்று எள்ளினார்கள். சிரிப்பவர்களுக்கு அளவு ஒரு பொருட்டன்று.

பணம் கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று வாக்களித்தவர், அவர் பாதியில் நின்றுவிட்டதனால் மீதியைத் தரமாட்டேன் என்று கூறுவதைக் கேள்விப்படுகின்றோம். சட்டப்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாதிருக்கலாம், அவர் விதித்த நிபந்தனை அது. ஆனால் சைக்கிளில் சென்றவர் அவருடைய கூலியாள் அல்லரே! அவருக்கும் ஏழை நோயாளிக்கும் நடுவில் நின்று நினைவூட்டியவர் மட்டுமே. மிதித்தவருக்கு முழங்கால் வீங்கியதனால் நோயாளியின் மருந்துச் செலவு குறைந்துவிடவில்லை. அல்லாஹ் யாருக்கு வசதியளித்தானோ அவர் முழுத் தூரத்துக்கும் கொடுத்துவிடுவதே அழகு.

கடைசியாகக் கணக்கு விஷயம். தடை வந்து பயணம் நின்ற பிறகுதான் இது மெய்யான அமானிதமாகத் தலைமேல் வந்து அமர்கின்றது. ஏழைகளுக்கென்று பெற்ற தொகை பயணம் நின்றாலும் ஏழைகளுக்கே செல்ல வேண்டும். ஜகாத்து என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பணத்திலிருந்து டயர் வாங்குவதோ, விடுதி வாடகை கொடுப்பதோ, திரும்பி வரும் ரயில் கட்டணம் செலுத்துவதோ ஆகாது. அதற்குரிய எட்டு வகையினரைத் திருமறை வரையறுத்துவிட்டது. ஊர்மக்கள் கூடி ஒரு சைக்கிளில் அனுப்பி வைத்தார்கள் என்பதனால் ஒருவர் ஜகாத்து வசூலிக்க நியமிக்கப்பட்ட ஊழியர் ஆகிவிட மாட்டார். ஆகவே பயணச் செலவுக்கென்று தனியே, செலவுக்கு என்றே சொல்லிப் பணம் பெற வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது. முன்னர் நான் குறிப்பிட்ட மாஸச்சூஸட்ஸ் பயணத்தில், மிதிப்பவர்கள் திரட்டும் நிதி முழுவதும் அறப்பணிக்கே செல்லுமாறும், செலவுகளுக்கு வேறு வழியில் பணம் தேடுமாறும் ஏற்பாடு செய்திருக்கின்றனர். நம் ஊர் அமைப்புகள் இதனைக் கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

செலவுக்கென்று பெற்றதில் மீதமிருந்தால் கொடுத்தவர்களிடம் தெரிவித்து, அவர்கள் சொல்வது போல் செய்ய வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும். ஆளுக்குப் பத்து ரூபாய்தானே என்று எண்ணலாகாது. கொடுத்தவர்களைக் கண்டுபிடிக்க இயலாத சிறு தொகையாயின், அவர்கள் பெயரால் அதே அறப்பணியில் சேர்த்து, கணக்கில் எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம்.

சைக்கிளே பொதுப் பணத்தில் வாங்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். அன்பளிப்பாக அவருக்கே என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அது அவருடையது. பயணத்துக்காக என்று கொடுத்திருந்தால் பயணம் நின்றதும் அது நிதியைச் சார்ந்த பொருளாகிவிடுகின்றது. அதனை விற்றுத் தொகையை நிதியில் சேர்க்க வேண்டும். அவரே வைத்துக்கொள்ள விரும்பினால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் அவர் ஒருவராகவே இருத்தல் கூடாது. ஜமாஅத்தார் இருவர், சைக்கிள் கடைக்காரர் ஒருவரை வைத்து மதிப்பிட்டு, அவரிடம் விற்கட்டும். பின்சக்கரத்தில் அறுந்த கம்பிகளுக்கு உண்டான தொகையை விலையில் கழித்துக்கொள்வதில் தவறில்லை.